கையெழுத்து இல்லாத கைகள்: பிரஸ்ஸல்ஸ் பயணக் குறிப்புகள்

செவ்வாய், தெற்கு ரயில் நிலையம்

பிரஸ்ஸல்ஸ் தெற்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்தினால், எதிர்க் கட்டடத்தின் உச்சியில் காமிக்ஸ் நாயகன் டின்டினும் அவனுடைய நாய் ஸ்னோயியும் பெரிய விளக்குப் பலகையாக நிற்கிறார்கள். அது லோம்பார் பதிப்பகத்துக்காக 1958இல் எழுந்த கட்டடம். ரேமோன் லெப்லான் என்ற பதிப்பாளர் 1946 செப்டம்பர் 26ஆம் தேதி தொடங்கிய ‘டின்டின்’ வார இதழின் வெற்றியால்தான் அந்தக் கட்டடம் சாத்தியமானது. நம்மூரில் ரிப்போர்ட்டர் ஜானி, சிக் பில், கேப்டன் பிரின்ஸ் என்ற பெயர்களில் அறிமுகமான நாயகர்கள் அனைவரும் அந்த இதழின் பக்கங்களில் வளர்ந்தவர்கள். சிவகாசியில் அச்சான லயன், முத்து காமிக்ஸ் இதழ்களைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த தலைமுறைக்கு இந்த ஊருடன் உறவு உண்டு. ஆனால் அந்த உறவு நாயகர்களுடன் நின்றுவிட்டது. ரிப்போர்ட்டர் ஜானியின் கோட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால் உடனே சொல்லிவிடக்கூடிய வாசகர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோட்டை வரைந்தவரின் பெயர் தெரியும்? அந்தப் பெயர்களைத் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். இன்று மழை. விடுதிக்கு நடந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

புதன், சுவர்கள்

காமிக்ஸ் காட்சிகளை நகரத்தின் வெற்றுச் சுவர்களில் தீட்டும் திட்டம் 1991இல் தொடங்கியது. முதல் சுவர் ஃபிராங்க் பே வரைந்த ‘புரூசாய்’ தொடரைச் சேர்ந்தது. இளைஞன் ஒருவனும் அவனுடைய தோழியும் தோளோடு தோள் சேர்ந்து தெருவில் நடந்து போகும் சாதாரணக் காட்சி அது. இன்றைக்கு இத்தகைய சுவர்கள் ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு ஓடுபவர்களை வழியெங்கும் பார்த்தேன். எனக்கு அதில் ஆர்வமில்லை. சில சுவர்களின் முன் நீண்ட நேரம் நிற்பதே போதும் என்று தோன்றியது.

எத்தூவ் தெருவில் டின்டினும் கேப்டன் ஹாடக்கும் ஸ்னோயியும் கட்டடத்தின் வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் இறங்கி வரும் சுவருக்கு முன்னால் கூட்டம் தாங்கவில்லை. சிறுநீர் கழிக்கும் சிறுவனின் புகழ்பெற்ற சிலை அடுத்த திருப்பத்திலேயே இருப்பதுதான் காரணம். அங்கிருந்து வடமேற்கே நடந்து புவாந்திரி தெருவுக்குப் போனால் லக்கி லூக் இருக்கிறார். டால்டன் சகோதரர்கள் வங்கியைக் கொள்ளையடிக்கும் காட்சி. அங்கே என்னைத் தவிர யாருமில்லை.

லக்கி லூக்கை வரைந்த மோரிஸ் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் நகரத்தில் 1923இல் பிறந்தவர். அவருடைய கௌபாய் 1946ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஸ்பிரூ’ என்ற காமிக்ஸ் வார இதழின் ஆண்டு மலரில் அறிமுகமானார். 1955 முதல் 1977 வரை கதை எழுதிய ரெனே கோசினிக்குக் கிடைக்கும் புகழ் நியாயமானதே என்றாலும், மோரிஸ் வண்ணத்தில் செய்த வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு கட்டத்தில் முன்னால் நிற்பவனுக்கு மட்டும் இயல்பான நிறங்களைக் கொடுத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் உள்ள கூட்டத்தை, குதிரை, தொப்பி, முகம் எதையும் பிரிக்காமல், ஒரே ஊதாவிலோ ஒரே மஞ்சளிலோ அவர் மூழ்கடித்துவிடுவார். இருபது பேர் நெருக்கியடித்து நிற்கும் மதுக்கடைக் காட்சியில்கூட நம் கண் தடுமாறாமல் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். வானம் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் கட்டம் முழுவதும் சிவப்பாகிவிடும். நம்மில் பலர் இந்தக் கதைகளை முதலில் கறுப்பு வெள்ளையில் படித்ததால், ஓவியரின் பாதி வேலையைப் பார்க்காமலேயே அவரை ரசித்தோம் என்று சொல்ல வேண்டும்.

சுவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மோரிஸோ, டின்டினைப் படைத்த எர்ஜேயோ இங்கே ஏணியில் ஏறித் தூரிகை பிடிக்கவில்லை. இந்தச் சுவர்களில் மிகப் பலவற்றைத் தீட்டியவர்கள் ஓரேயோபூலோஸ், வாண்டெகீர்டே என்ற இருவர். உள்ளங்கை அளவுள்ள கட்டத்தில் கச்சிதமாக அமரும் ஒரு கோடு, நான்கு மாடி உயரத்துக்குப் பெரிதாகும்போது அதே துடிப்புடன் இருக்காது. எங்கே தடித்து எங்கே மெலிய வேண்டும் என்பதைக் கீழே நிற்பவனின் பார்வையிலிருந்து மறுபடி தீர்மானிக்க வேண்டும், அதையும் சுவரை ஒட்டி நின்றபடி, முழு உருவத்தையும் பார்க்க முடியாத நிலையில் செய்ய வேண்டும். அவ்வளவையும் செய்து முடித்துவிட்டு, இது மோரிஸின் கோடு என்று பார்ப்பவன் நம்பும்படி விலகிக்கொள்வதும் ஒரு தனித் திறமைதான்.

மாலையில் போன்செகூர் தெருவில் ரிப்போர்ட்டர் ஜானியைச் சந்தித்தேன். இங்கே அவர் பெயர் ரிக் ஓஷே. கூரை விளிம்பிலுள்ள நீர்த்தாரையைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறார். வரைந்தவர் திபே என்ற புனைபெயர் கொண்ட ஜில்பேர் காஸ்கார். 1931இல் பிரான்சின் மார்சேய் நகரத்தில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். எழுதியவர் துஷாத்தோ. ஆனால் அந்தத் தொடரின் மழைத் தெருக்கள், பழைய மாளிகைகள், நொறுங்கும் கார்கள் ஆகியவற்றில் பெரும்பகுதியை வரைந்தவர் திபே அல்லர். பின்னணிக் காட்சிகளை முதலில் மித்தெயி என்பவரும் பின்னாளில் திதியே டெஸ்மித் என்பவரும் வரைந்தார்கள். ஜானியின் கதைகளை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மூடுபனியில் நிற்கும் ஒரு மாளிகைதான், ஜானியின் முகம் அதற்குப் பிறகே வரும். இத்தனை ஆண்டுகளாக நான் ரசித்தது அதிகமும் மித்தெயியையும் டெஸ்மித்தையும்தான் போலிருக்கிறது.

வியாழன், மணல் தெரு

காமிக்ஸ் அருங்காட்சியகம் இருக்கும் கட்டடமே தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. கட்டடக் கலைஞர் விக்டர் ஓர்த்தா, வோக்கே என்ற துணி வணிகருக்காக 1906இல் கட்டிய கடை அது. கண்ணாடிக் கூரையிலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம் துணியின் உண்மையான நிறத்தை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்ட கூடம், 1970இல் கடை மூடப்பட்ட பிறகு பாழடைந்து கிடந்து, 1989இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், துணிக்கு நல்லதாக இருந்த அந்த வெளிச்சம் மூல ஓவியங்களுக்கு எதிரி. மையும் நீர்வண்ணமும் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் மூலப் பக்கங்களை மங்கலான அறைகளில் வைத்து, அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கதை எழுத்து, பென்சில், மை, எழுத்துரு, வண்ணம் என்று ஒரு பக்கம் உருவாகும் படிநிலைகளைக் காட்டும் பகுதியில் காலை முழுவதும் கழிந்தது. அச்சில் வந்ததைவிட மூலப் பக்கம் பெரியது என்பது படித்துத் தெரிந்த செய்திதான். ஆனால் நேரில் பார்க்கும்போது அதன் மேற்பரப்பு வேறொன்றைச் சொல்கிறது. தவறிய கோட்டின் மேல் வெள்ளை வண்ணம் தடித்துக் கிடக்கிறது. ஒரு முகம் சரியாக வரவில்லை என்பதற்காகக் கட்டத்தின் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி வேறு தாளை ஒட்டியிருக்கிறார்கள். பெரிய கறுப்புப் பகுதிகளில் தூரிகை எந்தத் திசையில் போனது என்பதுகூடப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறது. அச்சு இயந்திரத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும் என்பதால், வரைந்தவர்கள் இவை எதையும் மறைக்க முயலவில்லை. வாசகன் பார்க்கவே கூடாத தாள்கள் இவை. நான் பார்த்த கலைப் பொருட்களில் இவ்வளவு வெளிப்படையானவை குறைவு.

ஸ்மர்ஃப்களைப் படைத்த பேயோவின் பகுதிக்கு வருவோம். 1958 அக்டோபரில் ‘யோஹான், பிர்லூயி’ தொடரின் ஒரு கதையில் துணைப் பாத்திரங்களாகத் தலைகாட்டிய அந்தக் குட்டி மனிதர்கள் நீல நிறத்தவர் ஆனது பேயோவின் முடிவன்று. அவருடைய மனைவியும் வண்ணக் கலைஞருமான நீன் குல்லிஃபோர்தான் நீலத்தைத் தேர்ந்தெடுத்தார். காட்டில் வாழ்பவர்களுக்குப் பச்சை கொடுத்தால் இலைகளோடு கலந்துவிடுவார்கள், சிவப்பு கண்ணை உறுத்தும் என்று ஒவ்வொன்றாகக் கழித்து நீலத்துக்கு வந்தார்களாம். உலகத்தில் எந்தக் குழந்தையிடம் கேட்டாலும் ஸ்மர்ஃப்பைப் பற்றிச் சொல்லும் முதல் அடையாளம் அந்த நிறம்தான். அட்டையில் உள்ள பெயரோ பேயோவுடையது.

இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. ‘இரத்தப் படலம்’ என்று நமக்கு அறிமுகமான தொடரை வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்தார் என்பது தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு வண்ணம் தீட்டிய பெட்ரா, வான்ஸின் மனைவி. அந்தக் காலத்து பெல்ஜிய காமிக்ஸ் உலகில் கோடு ஆண்களின் வேலையாகவும் வண்ணம் பெண்களின் வேலையாகவும் பிரிந்து கிடந்தது. புகழும் அதே கோட்டின்படி பிரிந்தது. 2016இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் வாழ்நாள் சாதனைக்கான பெரும் பரிசுக்கு முன்மொழியப்பட்ட 30 பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை என்று எதிர்ப்பு எழுந்து, பட்டியலில் இருந்த ஆண் ஓவியர்கள் பலரே தங்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டுப் பரிசைக் கடைசியில் பெற்றவர் எர்மான், நம் கேப்டன் பிரின்ஸை வரைந்தவர். அவருடைய தகுதியைப் பற்றி எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பட்டியலைப் பற்றித்தான் பேச்சு.

வெளியே வந்து படிகளில் ஏறினால் பாஷெக்கோ சாலையில் காஸ்தோன் சிலை நிற்கிறது. அலுவலகத்தில் வேலை செய்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யும் அந்தச் சோம்பேறியை ஃபிராங்கான் 1957இல் படைத்தார். அசையாத கோட்டில் அசைவைக் காட்டுவதில் அவருக்கு இணையாக ஒருவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இங்கும் ஆரம்ப ஆண்டுகளில் பின்னணியை வரைந்து உதவியவர் ஜிதெயெம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்து ஒவ்வொரு முறையும் சினந்து வெளியேறும் வணிகருக்கு ஃபிராங்கான் வைத்த பெயர், ஜிதெயெமின் குடும்பப் பெயரான தெமெஸ்மேக்கர்.

வெள்ளி, லூவேன்-லா-நூவ்

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ரயில் பயணத்தில் உள்ள இந்த ஊர், லூவேன் பல்கலைக்கழகம் மொழிப் பிரச்சினையால் இரண்டாகப் பிரிந்த பிறகு, பிரெஞ்சுப் பிரிவுக்காக 1970களில் வெறும் வயல்வெளியில் எழுப்பப்பட்டது. எர்ஜே அருங்காட்சியகம் இங்கே 2009 ஜூனில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கிறிஸ்தியான் த போர்சாம்பார்க். மரங்களுக்கிடையே கப்பல் போல நிற்கும் வெள்ளைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் எர்ஜேயின் கையெழுத்து மாபெரும் அளவில் எழுதப்பட்டிருக்கிறது. நான் எதைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்தேனோ அது வாசலிலேயே வரவேற்றது.

ஆனால் உள்ளே போனதும் என் புலம்பல் சற்று அடங்கியது என்பதையும் எழுத வேண்டும். ஜோர்ஜ் ரெமி என்ற இயற்பெயர் கொண்ட எர்ஜேயின் பென்சில் பக்கங்கள் இங்கே இருக்கின்றன. அவருடைய அச்சான பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு அவை அதிர்ச்சி தரும். நிழலோ கீறலோ இல்லாமல், எல்லாவற்றுக்கும் ஒரே சீரான கோட்டைக் கொடுக்கும் அவருடைய பாணிக்கு, டச்சு ஓவியர் யூஸ்ட் ஸ்வார்ட்டே 1977இல் ‘தெளிந்த கோடு’ என்று பெயரிட்டார். இந்த அருங்காட்சியகத்தின் உள் அமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு. அந்தத் தெளிவுக்கு முந்தைய நிலை போர்க்களமாக இருக்கிறது. ஓடும் டின்டினின் ஒரு காலுக்குப் பத்துக் கோடுகள், ஒன்றன் மேல் ஒன்றாக, தாள் கிழியும் அளவு அழுத்தத்துடன் போடப்பட்டிருக்கின்றன. அவற்றில் எந்தக் கோட்டில் ஓட்டம் இருக்கிறது என்று தேர்ந்து, அதை மட்டும் வேறு தாளுக்கு மாற்றி, மையிட்டார். நாம் எளிமை என்று நினைப்பது கழித்துக் கழித்து மிஞ்சியது. இதை வேறொருவர் அவருக்காகச் செய்திருக்க முடியாது.

மற்றவை எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்தார்கள். 1942இல் பதிப்பகம் ஆல்பங்களை, அதாவது கதைகளின் புத்தகப் பதிப்புகளை, 62 பக்கங்களில் வண்ணத்தில் கேட்டபோது, பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளை மறுபடி வரைய வேண்டிய மலையளவு வேலை சேர்ந்தது. 1944 முதல் அதற்குத் தோள் கொடுத்தவர் எட்கார் ஜேக்கப்ஸ். ஒரு காலத்தில் இசை நாடகங்களில் பாடிய அவர், உடைகள், கட்டடங்கள், வண்ணங்கள் ஆகியவற்றில் எர்ஜேயைவிட நுணுக்கமானவர். தன் பெயரும் அட்டையில் வர வேண்டும் என்று ஜேக்கப்ஸ் கேட்டார், எர்ஜே மறுத்தார், 1947இல் பிரிந்தார்கள். ‘பாரோவின் சுருட்டுகள்’ ஆல்பத்தின் வண்ணப் பதிப்பு பின்னாளில் வந்தபோது அட்டையில் வரிசையாக நிற்கும் மம்மிகளில் ஒன்றுக்கு ‘ஈ. பி. ஜேக்கபினி’ என்று பெயர்ப்பலகை இருந்தது. நண்பர்களுக்கிடையேயான கேலி என்று எல்லோரும் சிரிப்பார்கள். அட்டையில் பெயர் கேட்டவருக்கு அட்டையில் மம்மியாக இடம் கொடுத்தது எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை.

1950இல் எர்ஜே ஸ்டூடியோ தொடங்கப்பட்டது. அதில் பாப் டி மூரின் பங்கைப் புரிந்துகொள்ள ஒரு கதை போதும். ‘கறுப்புத் தீவு’ ஆல்பத்தை வெளியிட இருந்த ஆங்கிலப் பதிப்பாளர்கள், பிரிட்டனைப் பற்றி அதில் 131 பிழைகள் இருப்பதாகப் பட்டியல் கொடுத்தார்கள். எர்ஜே போகவில்லை, டி மூர் போனார். ரயில் பெட்டிகள், காவலர் சீருடைகள், தீயணைப்பு வண்டிகள் என்று ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து, பின்னணிகளைப் புதிதாக வரைந்தார். 1966இல் வந்த அந்தப் பதிப்பைத்தான் நம்மூர் நூலகங்களில் ஆங்கிலத்தில் எடுத்துப் படித்தோம். ‘விமானம் 714’ கதையில் வரும் மடிந்து விரியும் இறக்கை கொண்ட விமானத்தை வடிவமைத்தவர் ரோஜே லெலூ. அவர் பின்பு வெளியேறி 1970இல் யோகோ சூனோ என்ற பெண் பொறியாளரை நாயகியாக வைத்துத் தன் பெயரிலேயே தொடர் வரைந்தார். வண்ணப் பிரிவை வழிநடத்தியவர் ஜோசெத் போஜோ. கறுப்புக் கோடுகளைத் தனியாக ஒளி ஊடுருவும் தாளில் எடுத்து வைத்துவிட்டு, அதே கோடுகள் வெளிர் நிறத்தில் அச்சான வேறொரு தாளில்தான் அவரும் அவருடைய குழுவினரும் வண்ணம் தீட்டினார்கள். கோட்டுத் தாளை நீக்கிவிட்டு அந்த வண்ணத் தாளை மட்டும் தனியாகப் பார்த்தால், திபெத்தின் பனி என்பது நீலமும் சாம்பலும் சேர்ந்த எத்தனை மெல்லிய வேறுபாடுகளால் ஆனது என்று தெரிகிறது.

இன்னொரு கை, ஸ்டூடியோவுக்கு மிகவும் முந்தையது. சீனாவைப் பற்றிக் கேள்விப்பட்ட கட்டுக்கதைகளை மட்டுமே வைத்து எர்ஜே வரையத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக, 1934இல் ஜாங் சோங்ரென் என்ற சீன மாணவர் அவருக்கு அறிமுகம் செய்து வைக்கப்பட்டார். ‘நீலத் தாமரை’ கதையின் தெருக்களில் தொங்கும் கடைப் பலகைகளிலும் சுவரொட்டிகளிலும் உள்ள சீன எழுத்துகள் ஜாங் எழுதியவை. ஜப்பானிய ஆக்கிரமிப்பைக் கண்டிக்கும் வாசகங்கள் அவற்றில் இருந்தன. பெல்ஜிய வாசகர்களுக்கு அவை வெறும் அலங்காரம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த காங்கோ கதையில், ஆப்பிரிக்கர்களை வரைந்த விதத்தில், இப்படி ஒரு நண்பர் பக்கத்தில் இல்லாததன் விளைவு அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தக் கதையின் கோடும் தேர்ந்த கோடுதான் என்று சொல்லி அதைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை.

‘நீலத் தாமரை’க்கு எர்ஜே 1936இல் தீட்டி, அச்சிடச் செலவு அதிகம் என்று கைவிடப்பட்ட ஓர் அட்டை ஓவியம் 2021இல் பாரிஸ் ஏலத்தில் 31 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அது முழுவதும் அவர் ஒருவரே தீட்டியது.

சனி, ஸ்டோக்கெல்

மெட்ரோ முதல் வழித்தடத்தின் கடைசி நிலையம். நடைமேடையின் இருபுறச் சுவர்களிலும் டின்டின் கதைகளின் பாத்திரங்கள் 140 பேருக்கு மேல், பயணிகளைப் போல நடந்துகொண்டிருக்கிறார்கள். எர்ஜே 1983இல் இறப்பதற்குச் சற்று முன்பு போட்ட வரைவுகளை வைத்து ஸ்டூடியோவினர் முடித்த வேலை இது. நிலையம் 1988இல் திறக்கப்பட்டது. ரயிலுக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவரும் சுவரைப் பார்க்கவில்லை. நுழைவுச்சீட்டு, கண்ணாடிப் பெட்டி, மங்கலான விளக்கு எதுவும் இல்லாமல் பார்க்கக் கிடைத்ததில் எனக்கு நேற்றைய அருங்காட்சியகத்தைவிட இந்த நிலையமே பிடித்திருந்தது.

ஞாயிறு, ழூ த பால் சதுக்கம்

‘யூனிகார்னின் இரகசியம்’ கதையின் தொடக்கத்தில் டின்டின் பழைய கப்பல் பொம்மையை வாங்குவது இந்தச் சந்தையில்தான். ஒவ்வொரு காலையும் கூடும் இந்தப் பழம்பொருள் சந்தையில் ஞாயிறன்று கூட்டம் அதிகம். உடைந்த விளக்குகள், யாரோ ஒருவருடைய குடும்பப் புகைப்படங்கள், பித்தளைக் கரண்டிகள், அவற்றுக்கிடையே அட்டைப் பெட்டிகளில் காமிக்ஸ் ஆல்பங்கள். பக்கத்து ஓட் தெருவில் எர்ஜேயின் இன்னொரு படைப்பான ‘குயிக்கும் ஃப்ளுப்கேயும்’ என்ற குறும்புச் சிறுவர்களின் சுவர் இருக்கிறது. போகும் வழியில் பார்த்துக்கொண்டேன்.

பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நான் முதல் பதிப்புகளைத் தேடுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் பழைய டின்டின் ஒன்றை எடுத்து நீட்டினார். எனக்கு ரிக் ஓஷே வேண்டும், அதுவும் பின்னணியை டெஸ்மித் வரைந்த காலத்தது வேண்டும் என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து வேறொரு பெட்டியை இழுத்தார். அப்படி ஒருவர் கேட்டு வந்து வெகுநாளாயிற்று என்றார். ஓர் ஆல்பத்தை விரித்து, மழையில் நனைந்த கற்பாதையில் தெரு விளக்கு பிரதிபலிக்கும் ஒரு கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். திபேயின் ஜானி அந்தக் கட்டத்தின் ஓரத்தில், சுண்டு விரல் நகம் அளவுக்கு, முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அதோடு, பெட்ரா வண்ணம் தீட்டிய ‘இரத்தப் படலம்’ முதல் பாகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். கறுப்பு வெள்ளையில் முதலில் படித்த கதையைப் பிரெஞ்சு தெரியாமலேயே இப்போது நிறத்துக்காக மட்டும் படிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது யூரோ கேட்டார். பேரம் பேசவில்லை.